வழக்கு மன்றத்தில் பொய்ச் சாட்சி

அடித்துத் துன்புறுத்தும் கணவன் மீது வழக்குத் தொடர மனைவிக்குப் பூரண உரிமையுண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அதற்கென்றே இயற்றப்பட்டது. 'பொறுத்துப் போ' என்று அவள் வாயை அடைப்பது மார்க்கமாகாது.

ஆனால், வழக்கு வலுக்க வேண்டுமென்று, கை ஓங்காத மாமியாரையும் வேற்றூரில் வாழும் நாத்தனாரையும் பிராதில் சேர்க்கலாமா? அடித்த கணவன், 'அவளே தவறி விழுந்தாள்' என்று சத்தியம் செய்யலாமா? இரண்டும் பொய்ச் சாட்சியே. பெரும் பாவங்களைக் கூறிவந்த பெருமானார் (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்தமர்ந்து, இப்பாவத்தைத் திரும்பத் திரும்ப எச்சரித்ததாகப் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் காண்கிறோம். வாதத் திறமையால் பிறர் உரிமையைத் தீர்ப்பாகப் பெறுபவர் நெருப்புத் துண்டையே பெறுகிறார் என்றும் அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆகவே, கோர்ட்டில் ஜெயித்துவிட்டதால் மட்டும் பிறர் உரிமை நமக்கு ஹலாலாகிவிடாது.

சாட்சிக்கு அழைக்கப்படும் உறவினரும் கவனிக்க வேண்டும். பெற்றோருக்கே பாதகமாயினும் நீதியின் பக்கம் நிற்குமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 135-ஆம் ஆயத்து பணிக்கிறது.

எனவே, பிராது எழுதும்போது நடந்ததை மட்டும், செய்தவர் பெயரை மட்டும் எழுதுவோம். முன்பே பொய் கூறியிருந்தால், அதை வாபஸ் பெற்று, பாதிக்கப்பட்டவரின் உரிமையை மீட்டுக் கொடுப்போம். அதுவின்றி தவ்பா நிறைவேறாது. அல்லாஹ் நம் நாவுகளைக் காப்பானாக! ஆமீன்.