'எங்கள்' என்னும் ஒரு சொல்



நாள்தோறும் காலை மணி அடித்ததும் நாம் வரிசையாக நின்று, கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லுகிறோம். அதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். சிறு வயதிலிருந்து சொல்லிப் பழகியதால் உதடுகள் தாமே சொல்லிவிடுகின்றன. மனமோ முடிக்காத வீட்டுக் கணக்கில் இருக்கிறது. இந்தச் செபத்தின் ஒரே ஒரு சொல்லைப் பற்றி, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இச்செபம் புதிய ஏற்பாட்டில் இரண்டு இடங்களில் வருகிறது. மத்தேயு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் மலைப்பொழிவின் நடுவே இயேசு இதைக் கற்பிக்கிறார். லூக்கா நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில், செபிக்கக் கற்றுத் தரும்படி சீடர் ஒருவர் கேட்க, அவருக்கு மறுமொழியாகக் கற்பிக்கிறார். மத்தேயுவில் ஏழு விண்ணப்பங்கள், லூக்காவில் ஐந்து. நாம் சொல்வது மத்தேயுவில் உள்ளதை ஒட்டியது.

இது தமிழில் நம் நாட்டுப் பிள்ளைகளின் வாய்க்கு வந்த வரலாறு இனிமையானது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைத் துணைக்கு அழைத்து, இச்செபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழில் அமைத்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு கையில் மணியுடன் தெருத் தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அயலாருக்கும் சொல்லித் தரும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டார். ஆம், பெரியவர்களுக்கு இச்செபத்தைக் கற்பித்த ஆசிரியர்களில் நம்மைப் போன்ற பிள்ளைகளும் இருந்தார்கள்!

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். 'நாம்' என்றால் கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது. இதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கண வகுப்பில் படிக்கிறோம். 'நாங்கள்' என்றால் கேட்பவரை நீக்கிச் சொல்வது. இந்த வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. கடவுளை நோக்கி நாம் 'எங்கள் தந்தை' என்கிறோம். அங்கே கேட்பவர் கடவுள். அவர் ஒருவரே அந்த 'எங்கள்' என்னும் வட்டத்திற்கு வெளியே இருக்கிறார். செபிக்கிற மற்ற எல்லாரும் அதற்குள் இருக்கிறோம். முன் வரிசையில் நிற்பவளும், பின் வரிசையில் நிற்பவளும், நமக்குப் பிடிக்காதவளும் அதற்குள்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மத்தேயு நற்செய்தியின் அதே அதிகாரத்தில், செபிக்கும்போது அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொள்ளும்படி ஆண்டவர் சொல்கிறார். ஆயினும் அவர் கற்பித்த செபத்தில் 'என்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பூட்டிய அறையில் தனியாக இருந்தாலும் 'எங்கள்' என்றே சொல்ல வேண்டும். 258-இல் மறைசாட்சியாக இறந்த கார்த்தேஜ் நகர ஆயர் புனித சிப்ரியான் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நாம் தனக்காக மட்டும் செபிக்கிறவர்கள் அல்ல, எல்லா மக்களுக்காகவும் செபிக்கிறவர்கள், ஏனெனில் நாம் எல்லாரும் ஒன்றே என்பது அவருடைய விளக்கம்.

இவையெல்லாம் எங்களுக்குப் புத்தகப் பாடமாகவே இருந்திருக்கும், சென்ற ஆண்டு தவக்காலத்தில் அது நடந்திராவிட்டால். ஏழைகளுக்காக எங்கள் வகுப்பில் ஓர் உண்டியல் வைத்திருந்தோம். ஒரு திங்கட்கிழமை அதைக் காணவில்லை. வெள்ளிக்கிழமை விளையாட்டு வேளையில், காய்ச்சலென்று வகுப்பில் தனியாக இருந்தவள் விடுதி மாணவி ஒருத்தி. நாங்கள் அவளைத் 'திருடி' என்று சொல்லவில்லை. ஆனால் மதிய உணவு வேளையில் ஒருத்தியும் அவளருகே உட்காரவில்லை. அவள் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டோம். ஒன்பது நாட்கள் இப்படிச் சென்றன. அந்த ஒன்பது நாட்களும் அவள் எங்கள் வரிசையில் நின்று, எங்களோடு சேர்ந்து 'எங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

விடுப்பிலிருந்து திரும்பிய எங்கள் வகுப்பு ஆசிரியை, அலுவலக அறையிலிருந்து உண்டியலை எடுத்து வந்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று வெள்ளி மாலை அவரே அங்கே வைத்திருந்தாராம்! எங்களுக்குத் தலை நிமிரவில்லை. மறுநாள் நாங்கள் அனைவரும் அவளிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவள் கோபப்படவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே; ஒருத்தியும் கேட்கவே இல்லையே" என்று மட்டும் சொன்னாள். இன்றும் அவள் எங்களோடுதான் படிக்கிறாள், சிரித்துப் பேசுகிறாள். ஆனால் அந்தச் சொல்லுக்கு எங்களிடம் இன்னும் மறுமொழி இல்லை.

பிறகே ஓர் உண்மை எங்கள் கண்ணில் பட்டது. மத்தேயுவில் இச்செபத்தைக் கற்பித்து முடித்ததும் ஆண்டவர் ஒரே ஒரு விண்ணப்பத்தை மட்டும் மறுபடியும் எடுத்து விளக்குகிறார். உணவைப் பற்றியது அன்று. சோதனையைப் பற்றியது அன்று. மன்னிப்பைப் பற்றியதே அது. பிறரை நாம் மன்னித்தால் தந்தையும் நம்மை மன்னிப்பார், இல்லையேல் மன்னிக்கமாட்டார் என்கிறார். நாங்களோ எந்தக் குற்றமும் செய்யாதவளைத் தண்டித்துக்கொண்டே மன்னிப்புக்காகச் செபித்தோம். அது எப்படிப்பட்ட செபம்!

தோழியரே, இனி நாம் என்ன செய்யலாம்? உணவைக் கேட்கும்போது, நம் வகுப்பில் இன்று சாப்பாடு கொண்டுவராதவள் யார் என்று பார்ப்போம். மன்னிப்பைக் கேட்கும்போது, யாரோடு பேசாமல் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்போம். ஒருத்தி மேல் ஐயம் எழுந்தால், மற்றவர்களிடம் பேசுமுன் அவளிடமே கேட்போம். பெற்றோரே, வீட்டில் நீங்கள் எங்களோடு இச்செபத்தைச் சொல்லும்போது, அந்த முதல் சொற்களை மெதுவாகச் சொல்லுங்கள்; நாங்களும் மெதுவாகச் சொல்லப் பழகுவோம்.

ஆண்டவரே, ஒரே வரிசையில் நிற்கிற எங்களுக்கு ஒரே மனத்தையும் தாரும். நாங்கள் ஒதுக்கியவளை நீர் ஒதுக்கவில்லை என்பதை நாங்கள் மறவாதிருக்கச் செய்யும். ஆமென்.

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியருக்காக,
ஒரு மாணவி