பாயின்ட்ஸை எந்த இரவுக்குச் செலவழிப்பது?

போன நவம்பரில், தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, டெம்பியில் எங்கள் வீட்டுக்கு நான்கு மாணவர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். அரிசோனாவுக்கு மேற்படிப்புக்கு வந்து ஒன்றரை வருடம் ஆனவர்கள். கிராண்ட் கேன்யன், பேஜ், ஸயான், லாஸ் வேகஸ், கிங்மன் வழியாகத் திரும்புவது என்று ஐந்து நாள் கார் பயணத்துக்குத் திட்டம் போட்டிருந்தார்கள். நான்கு பேரில் மூன்று பேரிடம் புத்தம் புதிய ஓட்டல் கிரெடிட் கார்டு. "இதை எதுக்குத் தம்பி எடுத்தே?" என்று ஒருவனிடம் கேட்டேன். "சீனியர்ஸ் எல்லாரும் எடுத்திருக்காங்க அக்கா" என்றான். கூட வந்த பெண்ணுக்கு ஈரோட்டிலிருந்து அம்மாவின் உத்தரவு: கண்ட மோட்டலில் தங்கக் கூடாது, பெயர் தெரிந்த பெரிய ஓட்டலாக இருக்க வேண்டும். அதற்காகவே அவள் ஒரு பெரிய குழுமத்தின் பாயின்ட்ஸாகப் பார்த்துச் சேர்த்திருந்தாள். அவர்கள் போகிற சின்ன ஊர்களில் அந்தக் குழுமத்துக்கு அவள் பாயின்ட்ஸுக்குள் அடங்குகிற ஓர் அறைகூட இல்லை.

அன்று சாப்பாட்டு மேஜையில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இந்தச் சாலைகளில் பதினேழு வருடமாகக் கார் ஓட்டுகிறேன்.

தங்கத் தங்கச் சேர்ந்து இலவச இரவாக மாறும் இந்த பாயின்ட்ஸுக்காக உறுப்பினராவது எல்லா ஓட்டல் குழுமங்களிலும் இலவசம். ஹில்டன், மேரியட், ஹயாட், ஐ.எச்.ஜி., விண்டம், சாய்ஸ், பெஸ்ட் வெஸ்டர்ன் ஏழிலும் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அறையை ஓட்டலின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். இடைத்தரகர் தளங்களில் எடுத்தால் பெரும்பாலும் பாயின்ட்ஸ் ஏறாது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, எந்தக் குழுமம் எந்த ஊரில் உதவும் என்பது. ஹயாட் பாயின்டுக்கு மதிப்பு அதிகம், ஆனால் நகரத்தைத் தாண்டினால் ஹயாட் கிடைப்பது அபூர்வம். மேரியட்டில் இலவச இரவின் விலை தேதிக்குத் தேதி மாறும். சின்ன ஊர்களில் உங்களுக்குக் கைகொடுப்பவை சூப்பர் 8, டேஸ் இன், லா கின்டா வைத்திருக்கும் விண்டமும், கம்ஃபர்ட் இன், குவாலிட்டி இன் வைத்திருக்கும் சாய்ஸும். தேசியப் பூங்காக்களின் வாசலில் பெஸ்ட் வெஸ்டர்ன் இருக்கும். கிராண்ட் கேன்யனுக்கு முன்னால் டுசயானில் ஒன்று, பிரைஸ் கேன்யன் வாசலில் இரண்டு. பூங்காவுக்கு உள்ளே இருக்கும் விடுதிகளில் இந்த பாயின்ட்ஸ் எதுவும் செல்லாது. கிராண்ட் கேன்யன் விளிம்பில் 1905-ல் திறந்த எல் டோவார் விடுதியில் தங்க ஆசை என்றால் பணம்தான் கட்ட வேண்டும்.

எனக்கு விண்டம் மீது கொஞ்சம் பாசம் உண்டு, மறைக்கவில்லை. செலவழித்த டாலருக்குப் பத்து பாயின்ட்ஸ், அல்லது ஒருமுறை தங்கினால் குறைந்தது ஆயிரம், இரண்டில் எது அதிகமோ அது. 55 டாலர் அறையில் படுத்து எழுந்தவருக்கும் ஆயிரம் கிடைக்கும். இலவச இரவின் விலையும் 7,500, 15,000, 30,000 என்று மூன்று படிகளில் நிற்கும். பட்ஜெட்டில் போகிறவரை மதிக்கிற கணக்கு இது. இன்னொன்றும் உண்டு. இந்த நாட்டு மோட்டல்களில் பலவற்றை நடத்துவது குஜராத்திக் குடும்பங்கள். கிங்மனில் ஒருமுறை ராத்திரி பதினொன்றரைக்குக் கதவைத் தள்ளி உள்ளே போனேன். ஊதுபத்தி வாசனை. மேஜை மணிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பிள்ளையார், அவருக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் பெப்பர்மின்ட். பின்கட்டிலிருந்து தாளிக்கிற சத்தம். கவுன்ட்டரில் இருந்த பெரியம்மா என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே மைக்ரோவேவ் இருக்கிற அறையாகக் கொடுத்தார். அந்த ஈரோட்டு அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது அவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

இனி அந்தக் கார்டு விஷயம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இதைவிட வேகமாகப் பரவுவது வேறொன்றும் இல்லை. கார்டு எடு, மூன்று மாதத்தில் நாலாயிரம் டாலர் செலவழி, லட்சம் பாயின்ட்ஸ் வாங்கு, கோல்டு என்ற உறுப்பினர் அந்தஸ்து சும்மா வரும் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். எஃப்-1 விசாவில் படிப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம். மணிக்கு 15 டாலர் என்றாலும் வாரத்துக்கு 300. அதில் வாடகை, மளிகை போக நாலாயிரத்தை எங்கிருந்து செலவழிப்பது? கல்லூரிக் கட்டணத்தைக் கார்டில் கட்டுகிறார்கள். பல பல்கலைக்கழகங்கள் கார்டில் கட்டினால் மூன்று சதவீதத்தை ஒட்டி ஒரு கூடுதல் கட்டணம் பிடிக்கும். பத்தாயிரம் டாலருக்கு 300 டாலர் அங்கேயே போயிற்று. அடுத்த மாதம் முழு பில்லையும் கட்ட முடியாமல் மிச்சம் வைத்தால், வட்டி வருடத்துக்கு இருபது சதவீதத்துக்கு மேல். ஒரு தவணை முப்பது நாளுக்கு மேல் பிந்தினால் கிரெடிட் வரலாற்றில் அது ஏழு வருடம் நிற்கும். நாளைக்குக் கார் கடன் கேட்கும்போது எதிரில் வந்து உட்காரும்.

சரி, கடன் இல்லாமலே சமாளித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அந்தஸ்து உங்கள் பயணத்தில் என்ன தரும்? இலவசக் காலை உணவா? ஹாம்ப்டன் இன், ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ், கம்ஃபர்ட் இன், லா கின்டா எல்லாவற்றிலும் தங்குகிற எல்லாருக்குமே காலை உணவு இலவசம்தான். தாமதமாக அறையைக் காலி செய்யும் சலுகையா? பேஜ் போய்ச் சேர வேண்டியவர் காலை ஏழுக்கே கிளம்பிவிடுவார். பெரிய அறையா? இரண்டு கட்டில் இருக்கிற அறையைத்தான் நான்கு பேரும் கேட்கப்போகிறீர்கள், அது ஏற்கெனவே உங்களுடையது.

நான் பட்டது இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய குழுமத்தின் கார்டை எடுத்தேன். மேல் அந்தஸ்துக்கு இரண்டு இரவு குறைந்தது. டிசம்பர் கடைசியில், என் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் இருந்த அவர்கள் ஓட்டலில் பணம் கட்டி இரண்டு இரவு தங்கினேன். என் பையன் அப்போது கைக்குழந்தை. அவனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். அடுத்த வருடம் அவர்கள் இலவச இரவுகளின் விலையை ஏற்றிவிட்டார்கள். நான் குறிவைத்திருந்த ஓட்டல் என் கைக்கு எட்டாமல் போயிற்று. அன்றிலிருந்து இன்னொருவர் எப்போது வேண்டுமானாலும் மதிப்பை மாற்றிவிடக்கூடிய நாணயத்தை நான் பதுக்கி வைப்பதில்லை.

சேர்ந்த பாயின்ட்ஸை எங்கே செலவழிப்பது என்பதற்கு ஒரே ஒரு வகுத்தல் கணக்கு போதும். வரியோடு அறையின் விலையை, கேட்கிற பாயின்ட்ஸால் வகுங்கள். இலவச இரவுக்குப் பெரும்பாலும் அறை வரி கிடையாது, அதனால் வரியையும் சேர்த்தே வகுக்க வேண்டும். 15,000 பாயின்ட்ஸ் கேட்கிற அறை 65 டாலர் என்றால் ஒரு பாயின்டுக்கு அரை சென்ட்கூட வரவில்லை. அங்கே பணத்தைக் கட்டுங்கள். அதே 15,000-க்கு சீசனில் 180 டாலர் அறை கிடைத்தால் 1.2 சென்ட். அந்த இரவுக்குத்தான் பாயின்ட்ஸ். ஆக, கிங்மனிலும் ஃப்ளாக்ஸ்டாஃபிலும் பணம், பூங்கா வாசலில் பாயின்ட்ஸ். லாஸ் வேகஸ் தனிக் கதை. வார நாளில் அறை மலிவு, அதன் மேல் ரிசார்ட் கட்டணம் ஏறும். ஹில்டன், ஹயாட் இரண்டும் இலவச இரவுக்கு அதை வாங்குவதில்லை. எனக்கு அந்த ஊரே பிடிக்காது, அதனால் அங்கே எதையும் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பூங்கா வாசலில் தங்குவதன் அருமை 2016-ல் என் அப்பா வந்தபோது தெரிந்தது. டுசயானில் பாயின்ட்ஸ் கொடுத்துத் தங்கினோம். ஃப்ளாக்ஸ்டாஃபில் தங்கியிருந்தால் எண்பது மைல், சூரியோதயம் பார்க்க இருட்டில் நான்கு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். முழங்கால் வலிக்காரரை அப்படி எழுப்ப முடியாது. டுசயானிலிருந்து கால் மணி நேரத்தில், கிராண்ட் கேன்யன் விளிம்பில் இருக்கும் மேத்தர் பாயின்ட் போய்விட்டோம். குரங்குக் குல்லாவும் என் ஸ்வெட்டருமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், வெளிச்சம் பள்ளத்துக்குள் இறங்க இறங்க ஒரு வார்த்தை பேசவில்லை. கார்டு எதுவும் இல்லாமல், மூன்று வருடம் மெதுவாகச் சேர்த்த பாயின்ட்ஸ் அது.

பொறுமையைப் பற்றி இளையவர்களிடம் சொன்னால் அலுப்பாகப் பார்ப்பார்கள். ஆனாலும் சொல்கிறேன். வேலைக்குப் போய், கம்பெனி செலவில் க்ளையன்ட் ஊருக்குப் போகத் தொடங்கினால் பாயின்ட்ஸ் தானாகக் கொட்டும். இப்போது அவசரப்பட ஒன்றுமில்லை. இந்தக் கணக்கு எல்லாருடைய சுபாவத்துக்கும் ஒத்தும் வராது. மாதப் பில்லைத் தேதி தவறாமல் கட்டுகிறவரா, மறந்துபோகிறவரா என்று உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மறப்பவர் என்றால் மலிவான அறைக்குப் பணம் கட்டி நிம்மதியாகத் தூங்குவதில் ஒரு குறையும் இல்லை. பிறர் எடுத்த படிப்பையும் பிறர் எடுத்த கார்டையும் நாமும் எடுப்பதற்காக இத்தனை தூரம் வரவில்லை.

அந்த நால்வரும் செய்த இன்னொரு தவறு, இரவுக்கு ஒருவர் என்று முறைபோட்டு அறை எடுக்க இருந்தது. பாயின்ட்ஸ் நான்கு கணக்கில் சிதறினால் எவருக்கும் ஓர் இரவுக்குத் தேறாது. ஒருவர் பெயரில் எல்லா இரவையும் எடுங்கள், மற்றவர்கள் பங்கை அவருக்கு அனுப்பிவிடுங்கள். ஹில்டனில் அந்தக் கவலையில்லை. பதினொரு பேர் வரை கட்டணமின்றி ஒரே தொட்டியில் சேர்க்கலாம். சேர்த்தது காலாவதியாகும் கணக்கையும் பாருங்கள். எந்த நடமாட்டமும் இல்லையென்றால் ஹில்டன், மேரியட், ஹயாட்டில் 24 மாதம், விண்டம், சாய்ஸில் 18, அந்தஸ்து இல்லாதவர்களுக்கு ஐ.எச்.ஜி.யில் 12. பெஸ்ட் வெஸ்டர்னில் காலாவதியே இல்லை.

இலவச இரவென்றாலும் கவுன்ட்டரில் கார்டு கேட்பார்கள். ஐம்பதோ நூறோ டாலரைப் பிடித்துவைத்துப் பிறகு விடுவார்கள். டெபிட் கார்டை நீட்டினால் அந்தப் பணம் சில நாள் முடங்கும், பெட்ரோலுக்கு இடிக்கும். திட்டம் கடைசி நேரத்தில் மாறவும் கூடும்: ஃப்ளாக்ஸ்டாஃப் ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது, நவம்பரில் பனி பெய்யும், சாலையை மூடுவார்கள். அறையை ரத்து செய்ய எத்தனை மணி வரை நேரம் என்பதைப் பதிவு செய்யும்போதே குறித்துக்கொள்ளுங்கள். போகாமலும் சொல்லாமலும் விட்டால் பாயின்ட்ஸ் திரும்ப வராது.