கம்ப்யூட்டரில் பக்கம் கலைஞ்சு தெரிஞ்சா



மாடம்பாக்கத்தில் நம் குழு ஊக்குநர் ஒருவர் பட்டா நகல் எடுக்க கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். முந்தின நாள்தான் குரோம் அப்டேட் ஆகியிருந்தது. எழுத்து மேல எழுத்து ஏறி நிக்குது, சமர்ப்பி பட்டனையே காணோம். ரிப்பேர் பார்ப்பவர், "வைரஸ், பார்மட் பண்ணணும்" என்றார். பண்ணியிருந்தால் அதிலிருந்த குழுக் கணக்கெல்லாம் அழிந்திருக்கும்!

விஷயம் இதுதான். முன்பு பார்த்த பக்கத்தின் படங்களையும் வடிவக் குறிப்புகளையும் பிரவுசர் சேமித்து வைத்துக்கொள்ளும், மறுமுறை சீக்கிரம் திறக்க. அப்டேட்டுக்குப் பிறகு சில நேரம் அந்தப் பழசு பொருந்தாது. பழைய அளவை வச்சு புது ஜாக்கெட் தைச்ச மாதிரி. கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே எஃப்5 தட்டுங்க, எல்லாம் புதுசாக வரும். அன்று நாங்கள் செய்தது அவ்வளவுதான்.

அதிலும் சரியாகாவிட்டால் வேறு பிரவுசரில் திறந்து பாருங்க. அங்கே நன்றாக வந்தால் கம்ப்யூட்டரில் கோளாறில்லை. (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் தேடாதீங்க, 2022 ஜூனோடு அதன் காலம் முடிந்தது.)

தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால் அது வேற கதை. யூனிகோடு பரவுவதற்கு முன் தனி எழுத்துருவில் அடித்த பக்கமாக இருக்கும். தமிழக அரசே 2010-ல்தான் யூனிகோடுக்கு மாறியது.

பணம் கட்டும்போது பக்கம் கலைந்தால் மட்டும் எதையும் மறுபடி அழுத்தாதீங்க, எஃப்5 கூட வேண்டாம். கணக்கிலிருந்து பணம் போயிருக்கா என்று முதலில் பாருங்க.