அல்-அஸ்ஹருக்கு வந்த சம்பளம்



"வருடாவருடம் நன்கொடை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கொடுத்தால் போதாதா? சொத்தாக வக்ஃப் செய்யுங்கள் என்று ஏன் கேட்கிறீர்கள்?" என்று நம் உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். எகிப்தின் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழக வரலாற்றில் இதற்குப் பதில் இருக்கிறது. 'அஸ்ஹரி' என்று பெயரோடு சேர்த்துக்கொள்ளும் ஆலிம்கள் ஓதி வந்த இடம் அது.

கெய்ரோவில் ஃபாத்திமிய ஷியா ஆட்சியாளர்கள் 970-ல் தொடங்கி 972-ல் முடித்த பள்ளிவாசல். ஸலாஹுத்தீன் அய்யூபி 1171-ல் அந்த ஆட்சியை முடித்ததும் அங்கே ஜும்ஆ நின்றது. மம்லூக் சுல்தான் பைபர்ஸ் காலத்தில், 1266-ல்தான் மீண்டும் தொடங்கியது. பிறகு அது ஸுன்னத் வல் ஜமாஅத் கல்விக்கூடமாக வளர்ந்தது. ஆட்சி மாறினால் பாடமும் மாறுவது புதிதல்ல.

அதன்பின் பல நூற்றாண்டுகள் அஸ்ஹரை வக்ஃப் சொத்துகளே தாங்கின. நிலம், கடை, வீடு ஆகியவற்றின் வருமானத்தில் உஸ்தாதுமாருக்கு உதவித்தொகையும் மாணவர்களுக்கு ரொட்டியும் கிடைத்தன. வக்ஃப் செய்த அமீர்கள் எல்லாரும் இக்லாஸோடு செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. சொத்து பறிபோகாமல் இருக்க எழுதி வைத்தவர்களும் உண்டு. ஆனால் வாகிஃப் தன் நிபந்தனையை எழுதி முடித்த பின் பொதுவாகச் சொத்து அவர் கையில் இல்லை. உஸ்தாத் சொன்ன மஸ்அலா பிடிக்கவில்லை என்று அடுத்த மாதம் ரொட்டியை நிறுத்த முடியாது. சம்பளம் அப்படியல்ல.

1805-ல் முஹம்மது அலி பாஷாவை ஆட்சியில் அமர்த்த உமர் மக்ரமும் ஆலிம்களும் துணை நின்றார்கள். எதிர்த்துப் பேசிய அதே உமர் மக்ரமை 1809-ல் பாஷா திம்யாத்துக்கு நாடு கடத்தினார். சில ஆண்டுகளில் ஏராளமான வக்ஃப் விளைநிலங்கள் அரசின் கைக்குப் போயின. பள்ளிவாசல் செலவுக்குக் கஜானா பணம் தரும் என்றார்கள்.

மீதியை நாஸர் காலம் முடித்தது. 1952-ல் குடும்ப வக்ஃப் ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பொது வக்ஃப் நிர்வாகம் அமைச்சகத்துக்குப் போனது. 1961-ம் ஆண்டின் 103-ம் எண் சட்டம் அஸ்ஹரையே அரசு அமைப்பாக மாற்றியது. ஷைக்குல் அஸ்ஹரை ஜனாதிபதி நியமிப்பார் என்றது. அதே சட்டத்தால்தான் மருத்துவம், பொறியியல் படிப்புகளும் பெண்களுக்கான கல்லூரியும் வந்தன. அதை மறைப்பது நியாயமில்லை.

விலை என்ன? 1956-ல் அஸ்ஹரின் ஃபத்வா குழு இஸ்ரேலுடன் சமாதானம் கூடாது என்றது. 1979-ல் ஜனாதிபதி சாதாத் சமாதான ஒப்பந்தம் செய்தபோது, ஹுதைபிய்யா உடன்படிக்கையை ஆதாரம் காட்டி அஸ்ஹர் ஆதரித்தது. இரண்டுக்கும் மார்க்க வாதம் இருக்கலாம். இரண்டு தடவையும் ஃபத்வா அரசின் முடிவோடு ஒத்துப்போனதுதான் உறுத்துகிறது.

எல்லாரும் தலைகுனிந்தார்கள் என்றும் சொல்லக் கூடாது. தம் பதவியின் அதிகாரத்தைக் குறைக்க 1974-ல் உத்தரவு வந்தபோது ஷைக் அப்துல் ஹலீம் மஹ்மூது (ரஹ்) ராஜினாமா கடிதம் கொடுத்தார். சாதாத்தான் இறங்கி வந்தார்.

2011 புரட்சிக்குப் பின், ஷைக்கை மூத்த ஆலிம்கள் சபை தேர்ந்தெடுக்கும் என்று 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2014 அரசியல் சாசனத்தின் 7-ம் பிரிவு அஸ்ஹர் சுதந்திரமானது, ஷைக்கைப் பதவி நீக்க முடியாது என்கிறது. போதிய நிதியை அரசு வழங்கும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.