டயலை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

பணி ஓய்வு நாளில் பரிசாகக் கிடைத்தது, தந்தையார் விட்டுச்சென்றது என இந்திய இல்லங்களின் அலமாரிகளில் உறங்கும் சாவி கொடுக்கும் கைக்கடிகாரங்கள் ஏராளம். அவற்றுள் பல ஹெச்.எம்.டி. நிறுவனத்தின் தயாரிப்புகள். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து 1961இல் பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பில் இறங்கிய அந்நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இத்தகைய கடிகாரங்களுக்குப் புதிய டயல் பொருத்தி அணியும் ஆர்வம் இன்று பலரிடம் காணப்படுகிறது. ஆனால், விட்டத்தை மட்டும் பார்த்து டயல் வாங்குவோர், பெரும்பாலும் பணத்தை இழக்கின்றனர். சில வேளைகளில் கடிகாரத்தையே இழக்கின்றனர். டயல் பொருந்துவதற்கு விட்டம் முதல் நிபந்தனையே அன்றி, முழு நிபந்தனை அன்று.

விட்டமும் பார்வைத் திறப்பும்

டயலின் முழு விட்டம் வேறு, கண்ணாடி வழியே நமக்குத் தெரியும் விட்டம் வேறு. டயலின் ஓரம் கூட்டின் உள்விளிம்புக்குக் கீழே மறைந்திருக்கும். எடுத்துக்காட்டாக, டயல் 28.5 மி.மீ., திறப்பு 27.5 மி.மீ. எனில், சுற்றிலும் அரை மில்லிமீட்டர் மறைந்துவிடும். நிமிடக் கோடுகள் ஓரத்தை ஒட்டி அச்சிடப்பட்டிருந்தால் அவை கண்ணுக்குத் தெரியமாட்டா. மாறாக, திறப்பைவிட டயல் சிறியதாயின் ஓரத்தில் இடைவெளி தோன்றும். எனவே டயலின் விட்டம், கூட்டில் டயல் அமரும் இடத்தின் விட்டம், பார்வைத் திறப்பு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடிகாரப் பொறிகளின் அளவை 'லீன்' எனும் பழைய பிரெஞ்சு அலகில் குறிப்பது வழக்கம். ஒரு லீன் ஏறத்தாழ 2.256 மி.மீ. ஆகும். சுவிட்சர்லாந்தின் ஈ.டி.ஏ. 2824-2 பொறி, 11½ லீன் என வழங்கப்படுகிறது. கணக்கிட்டால் 25.94 மி.மீ. வரும், கூட்டில் பொருந்தும் அதன் உண்மையான விட்டமோ 25.60 மி.மீ. லீன் எண் ஓர் அடையாளப் பெயர் போன்றதே. அதை நம்பி டயல் வாங்குதல் கூடாது.

கால்களின் இடம்

டயலின் பின்புறத்தில் மெல்லிய இரு உலோகக் கால்கள் உண்டு. அவை பொறியிலுள்ள துளைகளில் சரியாக இறங்கினால்தான் டயல் நிலைத்து நிற்கும். சீக்கோவின் எஸ்.கே.எக்ஸ்.007 கடிகாரம் இதற்குச் சிறந்த சான்று. அதிலுள்ள 7எஸ்26 பொறியும், பலரும் பயன்படுத்தும் என்.ஹெச்.35 பொறியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் வழக்கமான டயல் விட்டமும் 28.5 மி.மீ. தான். ஆயினும் எஸ்.கே.எக்ஸ்.007இன் சாவி 4 மணியை ஒட்டி அமைந்திருப்பதால், பொறி சற்றுச் சுழற்றி வைக்கப்பட்டுள்ளது. சாவி 3 மணியில் உள்ள கூட்டுக்கெனச் செய்த டயலை அதில் வைத்தால் 12 என்னும் எண் சாய்ந்து நிற்கும். விட்டம் ஒன்று, பொறிக் குடும்பமும் ஒன்று. எனினும் டயல் பொருந்தாது.

தேதியும் முட்களும்

தேதிச் சாளரம் உள்ள டயலில், சாளரமும் பொறியின் தேதி வளையமும் நேர்க்கோட்டில் அமைய வேண்டும். ஹெச்.எம்.டி. ஜனதா போன்ற தேதி காட்டாத கடிகாரத்தில் சாளரமுள்ள டயலைப் பொருத்தினால், அதன் வழியே வெற்று உலோகமே தெரியும்.

முட்களின் துளை அளவும் பொறிக்குப் பொறி மாறும். என்.ஹெச்.35, ஈ.டி.ஏ. 2824-2 ஆகிய இரண்டிலும் மணி முள்ளுக்கு 1.50 மி.மீ., நிமிட முள்ளுக்கு 0.90 மி.மீ. தேவை. நொடி முள்ளுக்கு முன்னதில் 0.20 மி.மீ.; பின்னதில் 0.25 மி.மீ. இந்த 0.05 மி.மீ. வேறுபாடு போதும், முள் நில்லாமல் கழன்றுவிட. டயல் தடிமனாக இருந்தாலோ, மணிக்குறிகள் உயர்ந்திருந்தாலோ முட்கள் உராய்ந்து கடிகாரம் நின்றுபோகக்கூடும்.

தொகை செலுத்துமுன்

பொறியின் மீது பொறிக்கப்பட்டுள்ள எண்ணை முதலில் அறிந்துகொள்ளுங்கள். டயலைக் கழற்றும் பணியை அனுபவமுள்ள கடிகாரப் பழுதுநீக்குநரிடம் ஒப்படைத்து, பிளாஸ்டிக் வெர்னியர் அளவியால் இரு திசைகளில் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். டயலின் பின்புறத்தை அளவுகோலுடன் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளரிடமும் பின்புறப் படத்தைக் கேளுங்கள். எந்தப் பொறிக்கானது, சாவி எந்த இடத்திற்கானது, பொருந்தாவிடில் திரும்பப் பெறுவாரா ஆகிய மூன்றையும் எழுத்து வடிவில் பெறுவது நலம்.

பொருந்தாத டயலின் ஓரத்தை அராவுவதும், கால்களை வெட்டிவிட்டு ஒட்டுவதும் சிலர் கையாளும் வழிகள். புதிதாக வாங்கிய டயலில் அவற்றைச் செய்தால் இழப்பு அந்த டயலின் விலையளவே. பரம்பரைக் கடிகாரத்தின் அசல் டயலில் செய்தால் மீட்க இயலாது. அதன் விற்பனை மதிப்பும் குறையும். மேலும், 1960களுக்கு முற்பட்ட சில கடிகாரங்களின் ஒளிரும் எண்களில் ரேடியம் உள்ளது. அவற்றைச் சுரண்டவோ அராவவோ கூடாது. அத்தூள் உடலுக்குள் செல்வது ஆபத்தானது.

கழற்றிய அசல் டயலையும் முட்களையும் சிறு பெட்டியில் இட்டு, ஈரம் படாமல் பாதுகாத்து வாருங்கள். இன்று நாம் விரும்பும் தோற்றம் நாளை சலிக்கலாம். அடுத்த தலைமுறை அந்தக் கடிகாரத்தைப் பழைய முகத்துடனே காண விரும்பினால், அதற்கான வழி அந்தச் சிறு பெட்டியில் இருக்கும்.