வண்டி எங்கே நிற்கிறது? கையடக்க வானொலி சொல்லும்

2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்தபோது சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் மின்சாரமும் செல்போனும் பல இடங்களில் நின்றுபோயின. அத்தகைய நாளில், நாவலூர்ப் பக்கமிருந்து மாட்டுத் தீவனம் ஏற்றிச் சென்ற நிவாரண டிராக்டர் எங்கே நிற்கிறது என்று எப்படி அறிவது?

அமெச்சூர் வானொலிக்காரர்கள் இதற்கு ஏ.பி.ஆர்.எஸ். என்ற முறையைக் கையாளுகிறார்கள். இதை வகுத்தவர் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியைச் சேர்ந்த பாப் புருனிங்கா. ஜி.பி.எஸ். பொருத்திய கைக்கருவி, தான் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை விசில் போன்ற ஒலியாக்கி ஒரு நொடிக்குள் அனுப்பிவிடும். கேட்கும் நிலையத்தின் வரைபடத்தில் வண்டி புள்ளியாகத் தெரியும். செல்போன் கோபுரம் தேவையில்லை.

கைக்கருவியின் சக்தி பெரும்பாலும் 5 வாட்தான். கட்டடங்கள் மறைத்தால் சில கிலோமீட்டரோடு சரி. திருக்கழுக்குன்றம் மலை போன்ற உயரத்தில் ஒரு மறு ஒலிபரப்பு நிலையம் இருந்தால் வெகுதூரம் எட்டும். 2019 ஏப்ரல் 1இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-45 ராக்கெட்டின் நான்காம் கட்டத்திலேயே அம்சாட் இந்தியா இத்தகைய கருவியொன்றை வைத்தனுப்பியது!

ஏரியலை இரும்புக் கூண்டுக்குள் வைக்காதீர்கள். வண்டியின் கூரைமேல் பொருத்துங்கள். ஓடும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, நிற்கும்போது அரைமணிக்கு ஒருமுறை அனுப்பினால் போதும், பேட்டரி தாங்கும். செய்தியை யாரும் கேட்கலாம், ரகசியம் கிடையாது.

கடையில் கிடைக்கிறதே என்று வாங்கி அழுத்திவிடாதீர்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும். 12 வயது நிரம்பியவர் எழுதலாம். வாடகை வண்டி வியாபாரத்துக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு சிம் போட்ட ஜி.பி.எஸ். கருவியே பொருத்தம்.