களவுபோன திருமேனிகளும் சான்றான நிழற்படங்களும்

எம்பெருமானுக்குப் பரம், வ்யூஹம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சை என நிலைகள் ஐந்து. ஸர்வஸ்வதந்த்ரனான அவன், நீராட்டமும் அமுதும் சயனமும் அடியவர் இட்ட வழக்காகத் தன்னை ஒப்புவித்திருப்பது அர்ச்சாவதாரத்திற்கே உரிய பெருமையாகும். இந்தப் பராதீனத்தில் அடியவருக்குரிய ஒரு கடமையும் அடங்கியுள்ளது. அது காத்தல்.

தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள அனந்தமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் திருக்கோயிலிலிருந்து 1978-ஆம் ஆண்டு சக்ரவர்த்தித் திருமகன், பிராட்டி, இளையபெருமாள், திருவடி ஆகியோரின் செப்புத் திருமேனிகள் களவாடப்பட்டன. அவற்றுள் முதல் மூன்றும் 2020 செப்டம்பர் 15 அன்று லண்டனில் இந்தியத் தூதரகத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு, அவ்வாண்டே தமிழகம் வந்து சேர்ந்தன. அவை எக்கோயிலைச் சேர்ந்தவை என்பதற்குச் சான்றாய் நின்றது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1958-இல் எடுத்து வைத்திருந்த நிழற்படமே.

கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோயிலின் வரலாறும் இத்தகையதே. பரகாலனாய் எம்பெருமானையே வழிமறித்த திருமங்கையாழ்வாரின் திருமேனியை அங்கே கள்வர் கவர்ந்தனர். அதற்கீடாகப் போலி ஒன்றையும் வைத்தனர். ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் அத்திருமேனியை ஏலத்தில் வாங்கிற்று. 1957-இல் திருக்கோயிலில் எடுக்கப்பட்ட படம் 2019-இல் ஓர் ஆய்வாளர் கண்ணிற்பட்டு உண்மை வெளிப்பட்டது. திருப்பியளிக்கப் பல்கலைக்கழகப் பேரவை 2024-இல் இசைந்தது.

ஒரு படம் இத்துணை வலிமை பெறுவது எங்ஙனம்? ஸ்தபதி முதலில் மெழுகில் உருவம் சமைத்து, மண் பூசி, சூட்டினால் மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கிறார். பின்னர் மண் கருவை உடைத்தே திருமேனியை எடுக்கவேண்டும். ஆதலின் ஒரு கருவில் இரண்டு பிறப்பதில்லை. ஆபரணத்தின் மடிப்பு, விரலின் வளைவு, பீடத்தின் தேய்வு ஆகியவை ஒவ்வொரு திருமேனிக்கும் தனி அடையாளமாகின்றன.

மீண்டு வந்த திருமேனிக்கு ஆகம விதிப்படி ஸம்ப்ரோக்ஷணம் செய்து ஆராதனத்தைத் தொடரலாம். ஆயின் பதிவில்லாத திருமேனி கடல் கடந்தால், அதன் ஊரும் திருநாமமும் மறைந்து, காட்சிப்பொருளாகவே நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு ஊராரும் தம் கோயில் மூர்த்திகளின் உயரம், திருக்கைகளின் அமைதி, பீடத்தெழுத்து, பழுது முதலியவற்றை எழுதி, முன்னும் பின்னும் படமெடுத்து, ஒரு படியைக் கோயிலுக்கு வெளியேயும் பத்திரப்படுத்துதல் வேண்டும். இதுவும் கைங்கர்யமே.